அத்தை வரலையா?

குற்றாலத்துச் சீசனுக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் என்றைக்கும் ஒத்துவராது. மே மாதம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டு கிடக்கும்போது அருவியில் வெறும் பாறைதான் தெரியும். ஜூன் பிறந்து, யூனிஃபார்ம் தைத்து, நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு முடித்த கையோடு செங்கோட்டையிலிருந்து பெரியம்மா போன் போடுவாள். "சாரல் விழுந்துட்டு தாயி. பேரன் பேத்தியக் கூட்டிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." லீவு இல்லை, பரீட்சை இருக்கிறது என்று நான் ஏதாவது சொல்வேன். "எல்.கே.ஜி. புள்ளைக்கு என்னட்டி பரீட்சை?" என்பாள். பதில் இருக்காது.

2015-இல் ரம்ஜான் ஜூலை 18, சனிக்கிழமை வந்தது. முன்னால் இரண்டு நாள் லீவு போட்டால் ஞாயிறு ராத்திரி ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்த வருஷம் ஏப்ரலில்தான் ரயில்வே முன்பதிவுக் காலத்தை 60 நாளிலிருந்து 120 நாளாக நீட்டியிருந்தது. சீசனில் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் கோடையிலேயே டிக்கெட் போட்டாகிவிட்டது. பெரியவனுக்கு ஏழு வயது, அரை டிக்கெட். அன்றைக்கு அரை டிக்கெட்டுக்கும் முழுப் படுக்கை உண்டு. மறுவருஷம் ஏப்ரலில், படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம் என்று மாற்றிவிட்டார்கள். சின்னவளுக்கு நாலு வயது. ஐந்துக்குக் கீழே டிக்கெட்டும் கிடையாது, படுக்கையும் கிடையாது. அதாவது, என் படுக்கையில் முக்கால்வாசி அவளுக்கு.

ஸ்லீப்பர் கோச்சின் கீழ்ப் படுக்கை ஏறக்குறைய இரண்டடி அகலம் இருக்கும். அதில் ஒரு தாயும் நாலு வயதுப் பிள்ளையும் படுப்பது ஒரு வித்தை. சுவர்ப்பக்கம் போட்டால் ஜன்னல் இடுக்கு வழியே வரும் காற்று நேராகக் காதில் அடிக்கும். நடைப்பக்கம் போட்டால் விருத்தாசலம் தாண்டுவதற்குள் தரையில் கிடப்பாள். சுவர்ப்பக்கம்தான் போட்டேன். ஜன்னல் இடுக்கில் துண்டைச் செருகி, நான் ஒருக்களித்து, ஒரு முழங்காலை வெளியே நீட்டிக் கிடந்தேன். ராத்திரி முழுக்க அந்த முழங்காலில் யாராவது இடித்துக்கொண்டே போனார்கள். பின்னாளில், 2022-இல், லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு மாட்டி மடக்குகிற குட்டிப் படுக்கை ஒன்றைச் சோதனையாக வைத்தார்கள் என்று படித்தபோது, இத்தனை காலம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்காரரும் பெரியவனும் மேலே போய்ப் படுத்தவர்கள், மதுரையில் டீ விற்கிறவன் குரல் கேட்டுத்தான் அசைந்தார்கள்.

விருதுநகரில் வண்டி தென்மேற்காகத் திரும்பியதும் கண்ணுக்கு வேலை வந்துவிடும். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். முதலில் நீலமாகத் தூரத்தில் நிற்கும். கடையநல்லூர் தாண்டுகிறபோது பச்சை தெரிகிற அளவுக்குக் கிட்டே வந்து, உச்சியில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் செங்கல்பட்டுப் பக்கம். மலையென்றால் அவருக்கு அங்கங்கே ஒரு பாறைக்குன்று. கல்யாணமாகி எத்தனை தடவை வந்தும் அந்த ஜன்னலை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பிள்ளைகளுக்கு மலை ஒரு பொருட்டே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவில் யாருக்குக் கூட, யாருக்குக் குறைச்சல் என்ற வழக்கு தென்காசி வரை நடந்தது.

செங்கோட்டை ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்திருந்தான். பெரியம்மா மகன், எனக்கு ஐந்து வயது மூத்தவன். ஊருக்கு யார் வந்தாலும் ஆட்டோவிலேயே சரித்திரத்தை ஆரம்பித்துவிடுவான். மணியாச்சி ஸ்டேஷனில் 1911-இல் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரர். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது. அதற்குச் சாட்சியாகச் சங்குச் சின்னம் பதித்த தோரணவாயில் இன்னும் நிற்கிறது. "அப்போ நாங்க மலையாளத்தான்கள்லா மாப்ள" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி, தானே சிரித்துக்கொள்வான். பெரியவனுக்கு வாஞ்சிநாதனைவிட, முன்னால் போன ஆட்டோவில் பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்த ஆட்டுக்குட்டிதான் முக்கியமாகப் பட்டது. ஆனால் அண்ணன் சொல்கிற சரித்திரத்தில் ஒரு சங்கதி எனக்குப் பிடிக்கும். பெரியம்மா பிறந்தது திருவிதாங்கூரில். கட்டிக்கொடுத்தது திருநெல்வேலி மாவட்டத்தில். 2019 நவம்பரிலிருந்து அவள் இருப்பது தென்காசி மாவட்டத்தில். மூன்றும் ஒரே தெரு.

நான் சிறுமியாக இருந்தபோது இங்கிருந்து கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் வண்டி போகும். ஆரியங்காவு குகைக்குள் வண்டி நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஊளையிடுவோம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அகலப்பாதை வேலைக்காக 2010-இலேயே அந்தப் பாதையை மூடியிருந்தார்கள். திரும்ப முழுசாகத் திறக்க 2018 ஆயிற்று. அதற்குள் பெரியவனுக்கு ஊளையிடுகிற வயசு போய்விட்டது.

பெரியம்மா வீடு ஒரு வளவுக்குள் இருக்கிறது. தெருவில் ஒரே வாசல். உள்ளே நீளமான முடுக்கு. முடுக்கின் ஒரு பக்கம் வரிசையாக வீடுகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. கிணற்றுக்கு மேல் இரும்புக் கம்பிவலை போட்டுப் பூட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் தார்சா, பட்டாசல், அடுப்படி, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வாசலில் ஆட்டோ நின்றதுதான் தெரியும். சின்னவள் யார் கைக்குப் போனாள், பெரியவன் எந்த வீட்டுக்குள் நுழைந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. "இவ அப்படியே அவ ஆச்சிய உரிச்சு வச்சிருக்கா" என்று ஒரு குரல். "மூக்கு இவுக அப்பா மூக்கு" என்று இன்னொரு குரல். எதிர் வீட்டு ஆச்சி பெரியவனை நிறுத்தி, "ஏல, மாமன் மகள் ரெண்டு பேர் இருக்காளுகளே, எவளைக் கட்டிக்கப் போற?" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேருமே சண்டை போடுறாங்க" என்றான். வளவே சிரித்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பேச்சு எதற்கு என்று எனக்குக் கொஞ்சம் கசப்புத்தான். ஆனால் அங்கே முறை சொல்லித்தருவது இப்படித்தான். முதல் நாள் சாயங்காலத்துக்குள் யார் மாமா, யார் சித்தப்பா, யாரிடம் வாயாடலாம், யாரிடம் கூடாது என்பதெல்லாம் அவனுக்குப் பாடமாகிவிட்டது.

சென்னையில் எங்களுடையது மூன்றாம் மாடி. பால்கனிக் கதவைப் பூட்டினேனா, பாத்ரூமில் வாளித் தண்ணீர் கிடக்கிறதா, ஸ்விட்ச் போர்டில் கை வைக்கிறாளா என்று நாள் பூராவும் ஒரு கண் பிள்ளைகள் மேலேயே இருக்கும். அந்தக் கண்ணுக்கு இங்கே வேலையே இல்லாமல் போனது முதலில் சுகமாக இல்லை, பதற்றமாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்து பார்த்தால் சின்னவளைக் காணோம். தார்சாவில் இல்லை, புறவாசலில் இல்லை. கிணற்றடிக்கு ஓடினேன். கம்பிவலை பூட்டித்தான் இருந்தது. முடுக்கு நெடுக ஓடித் தெருவரைக்கும் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க அடுப்படிக்கு வந்தேன்.

அண்ணன் மனைவி, என் மதினி, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கே அதற்குச் சீனியவரைக்காய் என்று பேர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மூணாவது வீட்டு ஆச்சிக்கிட்ட இருப்பா."

"பாத்தீங்களா மதினி?"

"பாக்கல. ஆச்சி வெத்தல இடிக்கிற சத்தம் நின்னு போச்சு பாருங்க. மடியில பிள்ள இருந்தா ஆச்சி உரலை எடுக்க மாட்டாக."

போய்ப் பார்த்தேன். மூணாவது வீட்டுத் தார்சாவில் ஆச்சி சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருக்க, அவள் மடியில் தலை வைத்துச் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெற்றிலை உரல் தள்ளி ஒரு ஓரத்தில் இருந்தது.

அதன்பிறகு மதினியைக் கவனிக்க ஆரம்பித்தேன். வளவில் அந்த நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அடுப்படியை விட்டு நகராமல் அத்தனை பேரையும் மதினி காதாலேயே மேய்த்தார். தெருவாசல் கேட் ஒரு மாதிரிக் கிறீச்சிட்டால் பெரிய ஆள், இன்னொரு மாதிரி என்றால் பிள்ளை. பட்டாசலில் சுட்டி டி.வி. சத்தம் கேட்டால் நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். கிணற்றடியில் வாளி உருண்டால் அவருடைய சின்னமகள். "சத்தம் கேட்டா பயமில்ல. கேக்கலைன்னாத்தான் எந்திரிச்சுப் போணும்" என்றார். மத்தியானம் நான் பாயை விரித்துப் படுத்தேன். பிள்ளை பிறந்ததற்கப்புறம் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. எழுந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். மதினி அப்போதும் அடுப்படியில்தான் இருந்தார்.

கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை தானாக வளரும் என்று நம்முடைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தானாக ஒன்றும் வளர்வதில்லை. சாரல் மாதத்தில் துணி காயாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் பொசுபொசுவென்று தூற்றும். சின்னவள் ஒரு நாளைக்கு நாலு ஜட்டி நனைப்பாள். இரண்டாம் நாளே பையில் காய்ந்தது எதுவும் மிச்சமில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் மடித்துத் தலைமாட்டில் இருக்கிறது, கதகதவென்று. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மதினி உட்கார்ந்து ஒவ்வொரு ஜட்டியையும் அயர்ன்பாக்ஸ் வைத்துத் தேய்த்துக் காயவைத்திருக்கிறார். மீதத்தை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கம்பி சூடாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மருமகன் வந்தால் சொதி வைக்காமல் அனுப்பக்கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்து மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு அது. பெரியம்மா நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல மதினி செய்தார். சொல்லாவிட்டாலும் அப்படியேதான் செய்திருப்பார். தேங்காயைத் துருவி, அரைத்து, முதல் பால் கெட்டியாகப் பிழிந்து தனியே மூடி வைக்க வேண்டும். பிறகு இரண்டாம் பால், மூன்றாம் பால். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் வேகும். பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துச் சேர்ப்பார்கள். அப்புறம் இரண்டாம் பால். கடைசியில் தீயைத் தணித்து முதல் பாலை ஊற்றி, நுரை கட்டுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். சூடு தணிந்தபின்தான் எலுமிச்சம்பழம். காரத்துக்குப் பச்சைமிளகாய் மட்டும்தான், அதையும் கீறித்தான் போடுவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குச் சிப்ஸும். இத்தனை தேங்காய்ப்பாலுக்கு இஞ்சி இல்லாவிட்டால் வயிறு கேட்காது.

காலையில் ஆரம்பித்த வேலை மத்தியானம் ஒரு மணிக்கு இலைக்கு வந்தது. வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார். சின்னவள் சிப்ஸை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, "மேகி வேணும்" என்றாள். பெரியம்மா முகம் சுருங்கிவிட்டது. எனக்கு நாலு பேர் முன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மதினி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். முதல் பாலில் ஒரு குழிக்கரண்டி முன்கூட்டியே எடுத்துவைத்து, அதில் சோற்றைக் குழைத்துத் துளி உப்பும் சீனியும் போட்டிருந்தார். "இதான் எங்க ஊரு மேகி" என்று சொல்லி ஒரு வாய் ஊட்டினார். கிண்ணம் காலி. அவள் சொதி தின்ன மாட்டாள் என்று காலையிலேயே எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நாலு வயசுல எவ தின்னா?" என்றார்.

சைவ வீட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று ராத்திரி, "பிள்ளைகளுக்குக் கடைத்தெருவைக் காட்டிட்டு வாறோம்" என்று அண்ணனும் வீட்டுக்காரரும் பெரியவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். செங்கோட்டை ஆம்பளைகள் ராத்திரி எட்டு மணிக்குக் கடைத்தெரு என்று சொன்னால் அது பிரானூர் பார்டர்தான். அங்கே பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்பதற்காகவே கேரளாவிலிருந்து காரில் வருகிறவர்கள் உண்டு. ஒன்பதரைக்கு மூன்று பேரும் வெற்றிலை மென்றுகொண்டு திரும்பினார்கள். பெரியவன் வாயிலும் ஒரு பாக்கு. பெரியம்மா, "ஏதும் சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். அண்ணன், "ஒரு டீ" என்றான். பெரியவன் ஆச்சி மடியில் ஏறி உட்கார்ந்து, "ஆச்சி, பரோட்டாவை டங்கு டங்குன்னு தட்டிப் பிச்சுப் போட்டாங்க. கோழிக் காலு எனக்கு, மாமாவுக்கு ரெண்டு" என்றான். பட்டாசலில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பெரியம்மா பேரன் தலையைத் தடவிக்கொண்டே, "டீயில காலு கிடந்திருக்கும் போல" என்றாள். ஐம்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தான் அவளுக்கு. பெரியப்பாவும் அந்தக் காலத்தில் கடைத்தெருவுக்குப் போனவர்தானே.

அருவிக்கு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். சனி, ஞாயிறு என்றால் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. இரண்டு ஆட்டோ பேசியிருந்தது. பிள்ளைகளெல்லாம் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்கள். பெரியவன் திரும்பி வாசலைப் பார்த்து, "அத்தை வரலையா?" என்றான்.

"அத்தைக்கு வேலை கெடக்குல" என்றான் அண்ணன்.

"அவளுக்கென்ன, உள்ளூர்தான, எப்ப வேணா போலாம்" என்றாள் பெரியம்மா.

"நான் வந்துட்டா உனக்கு யாரு இட்லி அவிப்பா?" என்று மதினி சிரித்தார்.

"கடையில சாப்பிடலாம் அத்தை" என்றான் அவன். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

முதலில் புலியருவி. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் லாயக்கு. மேலேயிருந்து வந்து மோதாமல் தோளில் தட்டுகிற தண்ணீர். அங்கே பழகின தைரியத்தில் பேரருவிக்குப் போனோம். பேரருவித் தண்ணீர் ஒரே வீச்சாகக் கீழே வருவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அது இல்லாவிட்டால் அடியில் மனுஷர் நிற்க முடியாது என்பார்கள். தண்ணீர் மேலே இருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடும். அன்றைக்கு அளவான தண்ணீர். சின்னவள் அந்த இரைச்சலைக் கேட்டதுமே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். பெண்கள் பக்கம் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், "குடுங்க" என்று அவளைப் பிடுங்கித் தன் சேலைக்குள் பொத்தி, முதுகை அருவிக்குக் காட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தாள். அழுகை நின்று, "இன்னொரு வாட்டி" என்றாள் இவள். ஆம்பளைகள் பக்கத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியவன் உதடு நீலம் பாரித்து, பல் கிட்டி, ராஜா மாதிரி நடந்து வந்தான். வெளியே தேங்காயெண்ணெயில் பொரிக்கிற நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கினோம். பாதியைக் குரங்கு பறித்துக்கொண்டு போயிற்று.

திரும்பி வந்தபோது இட்லி தயாராக இருந்தது. ஈரத்துணி மூட்டையை மதினி கையிலிருந்து வாங்க நான் பார்த்தேன், விடவில்லை. சாயங்காலம் தனியாக இருக்கும்போது கேட்டேன், "கடைசியா எப்ப மதினி அருவிக்குப் போனீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "மூத்தவ வயித்துல இருக்கதுக்கு முன்ன." மூத்தவள் அப்போது நாலாம் வகுப்பு.

பத்துக் கிலோமீட்டர் தூரம் இல்லை. மதினிக்குப் பிறந்த ஊர் பாபநாசம். தாமிரபரணியில் முங்கி எழுந்து வளர்ந்தவர். பி.எஸ்சி. படித்தவர். சீசன் என்றால் அந்த வீட்டுக்கு வாராவாரம் விருந்தாள் வருவார்கள். திருநெல்வேலிச் சித்தி குடும்பம், மதுரை அத்தை குடும்பம், அண்ணனின் சிநேகிதர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள். அத்தனை பேரும் அருவிக்குப் போவார்கள். அத்தனை பேருக்கும் பசியெடுக்கும். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை.

சனிக்கிழமை கூட்டத்துக்குப் பயந்து குண்டாறு அணைக்குப் போனதோடு சரி. 36 அடி அணை. எங்கள் பக்கத்தில் ஆகச் சின்னது அதுதான். ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்துக்கு மதினியும் பிள்ளைகளும் அண்ணனோடு ஐந்தருவிக்குப் போகட்டும், நான் வீட்டில் இருக்கிறேன் என்று முதல் நாள் ராத்திரியே சொன்னேன். பெரியம்மா, "ஊருக்குப் போற அன்னைக்கா? கட்டுச்சோறு கட்டணுமே" என்றாள். நான் கட்டுகிறேன் என்றேன். மதினி, "வேண்டாம், இருக்கட்டும்" என்று நாலு தடவை சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்தான். முடிவு கட்டியது பெரியவன்தான். "அத்தை வரலைன்னா நானும் போகலை" என்று பாயில் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு வீட்டில் இருக்கிற மரியாதை பெரியவர்களின் நியாயத்துக்கு இல்லை.

ஐந்து மணிக்கு அவர்கள் போனதும் அடுப்படிக்குள் நுழைந்தேன். எதுவும் எங்கே என்று தெரியவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடலைப்பருப்பு. காப்பித்தூள் என்று எழுதிய டப்பாவில் வெந்தயம். புளி எங்கே என்று அரைமணி நேரம் தேடி, பரண் மேல் ஒரு மண்சட்டியில் கண்டுபிடித்தேன். பெரியம்மா வாசல்படியில் நாற்காலியைப் போட்டு, "எண்ணெ பத்தாது", "தீய கொற", "மொளகாய இப்பவா போடுவ?" என்று ஓதிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருதரம், "எனக்குக் கல்யாணம் ஆயி ஆறாவது வருசம்தான் ஐந்தருவிய கண்ணால பாத்தேன்" என்றாள். அது குறையா, ஒழுங்கா என்று அவள் குரலில் தெரியவில்லை. புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

எட்டு மணிக்கு வந்துவிடுவோம் என்று போனவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். பிள்ளைகள் முடுக்கிலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். "அம்மா, அத்தை வரவே மாட்டேன்னுட்டாங்க! மாமா கூப்பிட்டாங்க, போலீஸ்கூட விசில் அடிச்சாங்க, அத்தை தண்ணியை விட்டு வரவே இல்ல!" பின்னால் மதினி ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வந்தார். கண் ரெண்டும் சிவந்திருந்தது. நேரே அடுப்படிக்குப் போய், நான் இடம் மாற்றி வைத்திருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். புளிக்காய்ச்சலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பெருங்காயம் கூடிட்டு" என்றார். அன்று ராத்திரி ரயிலில் சாப்பிட்டபோது தெரிந்தது, கூடித்தான் இருந்தது.

மறுவருஷம் மே மாதம் மதினி இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். அதற்கு ஒரு வருஷம் போன் பேச வேண்டியிருந்தது. அண்ணனுக்குக் கடை, பெரியம்மாவுக்கு மூட்டுவலி. கடைசியில் பாபநாசத்திலிருந்து மதினியின் அம்மா வந்து செங்கோட்டை அடுப்படியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் டிக்கெட் போட முடிந்தது. பிள்ளைகளுக்கு வண்டலூர் சிங்கத்தைவிட மெட்ரோ ரயில்தான் பிடித்தது. அப்போது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடிக்கொண்டிருந்தது. போய்விட்டு, இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வரலாமா என்று கேட்டு நச்சரித்தார்கள். மெரினாவில் மதினி முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, "உப்பு" என்று முகத்தைச் சுளித்துவிட்டு ஏறிவிட்டார்.

வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எங்கள் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். மதினி டிகாஷன் போட்டுக்கொண்டிருந்தார். ஃபில்டரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். அதற்கு அடுத்த நாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் சத்தம் இல்லை. ஏழு மணிக்குப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். அவர்களைச் சத்தம் காட்டாமல் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏழரைக்குப் பெரியம்மா போன்.

"அவள எங்க, ஒரு வார்த்த பேசணும். உளுந்து எங்கன வச்சிருக்கான்னு அவ அம்மைக்குத் தெரியல."

"குளிச்சிட்டு இருக்காங்க பெரியம்மா" என்றேன்.

எட்டரைக்கு மறுபடியும் போன். "இன்னுமா குளிக்கா?"

"தண்ணி இப்பதான் வந்துச்சு. சென்னையில தண்ணிக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். "உளுந்தை ஹார்லிக்ஸ் பாட்டில்ல பாக்கச் சொல்லுங்க."